வெள்ளைக் குங்கிலிய மரம்: எதற்காக வளர்ப்பது, எப்படி வளர்ப்பது?

கேள்வி (மலையடிவாரம்):

கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம். பால் குறைந்துபோன பழைய ரப்பர் நிற்கிறது. அதை ஒரேயடியாக வெட்டாமல், இடையிடையே மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரங்களை நடுவதாகத் திட்டம். முதலில் எடுத்துக்கொண்டது வெள்ளைக் குங்கிலியம், அதாவது வாட்டேரியா இண்டிகா. கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, நாற்றுப் பண்ணைகளில் "குங்கிலியம்" என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத செடிகளைக் காட்டுகிறார்கள். சரியானதை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு, விதை வாங்கி ஒரு மாதம் கழித்துப் போட்டதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. காரணம் என்ன? மூன்று, மரம் பெரிதானால் பலகைக்கு ஆகுமா, பிசினுக்கு ஆகுமா? நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியம் என்று தருவது இந்த மரத்துடையதுதானா?

பதில் 1 (இலைமடல்):

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. தமிழில் குங்கிலியம், குந்திரிக்கம் என்ற இரண்டு பெயர்களும் நாலைந்து மரங்களின் பிசினுக்கு ஓடுகின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்.

வெள்ளைக் குங்கிலியத்துக்குத் தனி இலை. தடித்த, நீண்ட இலை; சாதாரணமாக ஒரு சாண் வரை போகும். நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக, இணையாக ஓடுவது தெளிவாகத் தெரியும். தளிர் சிவப்பு. இளங்கிளையிலும் காம்பிலும் பொடிப்பொடியான ரோமம் இருக்கும். கைலென்ஸில் பார்த்தால் நட்சத்திர வடிவம். கருங்குங்கிலியம், அதாவது கேனேரியம் ஸ்டிரிக்டம், அப்படி இல்லை. அது வேப்பிலை போல ஒரே காம்பில் பல சிற்றிலைகள் வரும் கூட்டிலை. மட்டிப்பால் தரும் பெருமரமும் கூட்டிலைதான். ஆகவே பண்ணையில் கூட்டிலைச் செடியைக் காட்டினால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

சிக்கல் தருவது சால் நாற்று. அதுவும் தனி இலை, அதே குடும்பம், அதன் பிசினும் குங்கிலியம் என்றே விற்கிறது. ஆனால் அது வட, நடு இந்தியக் காடுகளின் மரம், கோடையில் இலையைப் பெரும்பாலும் உதிர்த்துப் புதுப்பிக்கும். காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். சால் காயில் நீண்ட இறக்கைகள் உண்டு. வெள்ளைக் குங்கிலியக் காயில் இறக்கை கிடையாது. புல்லி இதழ்கள் ஐந்தும் காம்புப் பக்கம் மடங்கி நிற்கும், காய் வெளிர்பழுப்பு நிறத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. நீளம், முதிர்ந்தால் மூன்று பிளவாக வெடிக்கும், உள்ளே ஒரே பெரிய விதை.

பாலக்காட்டு மலைப் பகுதியில் வாட்டேரியா மேக்ரோகார்ப்பா என்று இன்னொரு இனம் உண்டு. காய் இதைவிட மிகப் பெரியது. அது இன்னும் அரிது. அந்த விதை தப்பித்தவறிக் கைக்கு வந்தால், தயவுசெய்து கலந்து நடாமல் தனியாகக் குறித்து வையுங்கள்.

பதில் 2 (நாற்றங்கால்):

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டும். ஏனென்றால் உங்கள் விதை முளைக்காததற்குக் காரணம் அந்த விதையின் குணத்திலேயே இருக்கிறது.

நெல், தேக்கு போலக் காயவைத்துச் சேமிக்கும் விதை அல்ல இது. தாய்மரத்திலிருந்து விழும்போதே ஈரமாக, உயிர்ப்போடு இருக்கும். உறக்கநிலை என்பதே இல்லை. ஈரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கரு செத்துவிடும், பிறகு எத்தனை தண்ணீரில் ஊறவைத்தாலும் திரும்பாது. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, குளிரும் கொல்லும். உங்களுக்கு விற்றவர் வெயிலில் உலர்த்திப் பையில் கட்டிக் கொடுத்திருப்பார். நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும் அது விதையைக் கொன்ற வேலைதான்.

தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் சமயத்தில், மே கடைசி முதல் ஜூலை வரை காய் விழும். இறக்கை இல்லாததால் காற்றில் போகாது. கனமான காய் மரத்தடியிலேயே விழுந்து கிடக்கும். அதனால் பொறுக்குவது சுலபம். அதே காரணத்தால், விதையிலுள்ள கொழுப்புக்காக மூட்டை மூட்டையாக அள்ளிப்போவதும் சுலபம். அள்ளிவிட்ட மரத்தடியில் மறு வருடம் கன்று இருக்காது.

விழுந்த இரண்டு மூன்று நாளுக்குள் எடுங்கள். ஊசி குத்தியது போலத் துளை இருந்தால் உள்ளே வண்டின் புழு இருக்கிறது, தள்ளிவிடுங்கள். அமுக்கினால் நெகிழ்வதும், குலுக்கினால் உள்ளே ஆடுவதும் வேண்டாம். தூரம் கொண்டுபோக வேண்டுமானால் ஈரமான தென்னை நார்க்கழிவில் புதைத்துச் சாக்கில் கட்டுங்கள். ஈரம் என்றால் கையால் பிழிந்தால் சொட்டாத அளவு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டினால் விதை மூச்சுவிடும் சூட்டிலேயே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். வழியிலேயே வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. அந்த வேர் ஒடியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நடுவதற்குப் பாத்தி வேண்டாம், நேரே பையில் போடுங்கள். முதலில் இறங்குவது ஆணிவேர், இலை பிறகுதான். சின்னப் பையில் போட்டால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளோடு நட்ட மரம் சில வருடம் நன்றாக நின்று, பிறகு காற்றில் சாயும். அகலம் 6 அங்குலம், உயரம் 10 அங்குலத்துக்குக் குறையாத பை எடுங்கள். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. விதையைப் படுக்கையாக வைத்துப் பாதி மூடினால் போதும். புதிய விதை என்றால் சில வாரத்தில் பெரும்பாலும் முளைத்துவிடும்.

பலர் விடும் இடம் ஒன்று உண்டு. இந்தக் குடும்ப மரங்களின் வேர் ஒருவகைப் பூஞ்சையோடு கூட்டாக வாழ்கிறது. வேர்நுனியைப் பூஞ்சை உறைபோல மூடிக்கொண்டு மணிச்சத்தையும் நீரையும் எடுத்துக் கொடுக்கும். வெறும் செம்மண்ணில் அந்தப் பூஞ்சை இருக்காது. நாற்று முளைத்து நாலு இலையோடு மஞ்சளாகி நின்றுவிடும். யூரியா போட்டாலும் தேறாது. வளர்ந்த வெள்ளைக் குங்கிலிய மரம் ஏதாவது தோட்டத்திலோ சாலையோரத்திலோ இருந்தால், அதன் அடியில் இலைச்சருகை விலக்கி, மெல்லிய வேரோடு சேர்ந்த மேல்மண் ஒரு வாளி எடுத்து வந்து ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிடி கலக்குங்கள். பிறகு பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றாதீர்கள். அழுகலுக்குப் பயந்து ஊற்றினால் இந்தக் கூட்டாளியும் சாகும். அழுகலைத் தடுக்க நீரைக் குறைத்து, பைகளுக்கு இடையில் காற்றோட்டம் விடுங்கள்.

முதல் வருடம் 50 முதல் 75 சதம் நிழல்வலை. நாற்றில் ஒட்டியிருக்கும் விதைப் பருப்பைப் பிடுங்காதீர்கள், அதிலுள்ள கொழுப்புத்தான் முதல் மாதங்களின் சாப்பாடு. எலிக்கும் அது பிடிக்கும், கம்பிவலை தேவைப்படலாம்.

பதில் 3 (சித்திரத்தச்சு):

பலகைக்காக வளர்க்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு.

இது தேக்கு, கோங்கு வரிசையில் வரும் மரமல்ல. உலர்ந்த மரம் கன மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ வரை இருக்கும். சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு, நேரான நார், சுலபமாக அறுபடும், ஆணி ஏற்கும். ஆனால் மண்ணிலோ மழையிலோ வைத்தால் நிற்காது, கறையானும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி, பொதிப்பெட்டி, தட்டுப்பலகை, ஓடம் எல்லாம் இதில் செய்தார்கள். பிறகு பிளைவுட் ஆலைகள் வந்தன. நெடுநெடுவென்று கிளையில்லாமல் உருண்டு நிற்கும் அடிமரம் தோல் உரிப்பதுபோலச் சுருள் சுருளாக உரியும் என்பதால் ஆலைக்கு மிகவும் ஏற்ற மரமாகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம், அந்தக் காடுகளிலேயே அரிதானது இப்படித்தான்; ஒருபக்கம் ஆலை, மறுபக்கம் காடு தோட்டமானது. 1998-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.-இன் செம்பட்டியலில் "மிக அருகிய இனம்" என்று சேர்த்தார்கள்.

காற்றில் விழுந்த மரம் ஏதாவது தனியார் தோட்டத்திலிருந்து கிடைத்தால் வீணாக்க வேண்டாம். அதற்கு மட்டும் இந்தக் குறிப்பு. தடியைப் பட்டையோடு மழையில் போட்டுவைத்தால் நாலைந்து வாரத்தில் நீலக்கறையும் ஊசித்துளை வண்டும் வந்துவிடும். உடனே அறுங்கள், முடியாவிட்டால் தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள். அறுத்த பச்சைப் பலகை ஈரமாக இருக்கும்போதே போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு கலந்த கரைசலில் நனைத்து எடுங்கள். நனைத்ததும் அடுக்கித் தார்ப்பாயால் மூடி இரண்டு மூன்று வாரம் விட்டால் மருந்து ஈரத்தின் வழியே உள்ளே இறங்கும். காய்ந்த பலகையில் செய்தால் மேற்பரப்போடு நின்றுவிடும். பிறகு ஓரங்குலச் சட்டங்களை இடையிட்டு நிழலில் அடுக்குங்கள். இந்த மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் வெளிவேலைக்கு உதவாது. அலமாரி உட்பலகை, மேல்தட்டு, பெட்டி, இவ்வளவுதான்.

ரம்பப் பல்லில் பிசின் ஒட்டினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். அப்படியே அறுத்தால் பலகை கருகும்.

மலையடிவாரம்:

நன்றி. பையின் உயரமும் தாய்மரத்து மண்ணும் இதுவரை யாரும் சொல்லாதவை. அப்படியென்றால் பிசின் மட்டும்தான் மிச்சம். கடைச் சரக்கைச் சோதிக்க வீட்டிலேயே வழி உண்டா? மரத்தைக் கொத்தினால் மரம் தாங்குமா?

பதில் 4 (தூபக்கால்):

கடைச் சரக்கில் அதிகம் கலப்பது பைன் மரத்து ரோசின். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பொடித்தால் இன்னும் ஒன்றுபோல. மூன்று கண்ணாடிக் குப்பி இருந்தால் போதும்.

முதல் குப்பியில் ஒரு தேக்கரண்டிப் பொடி, நாலு தேக்கரண்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது சுத்தமான ஸ்பிரிட். குலுக்கி ஒரு மணிநேரம் வையுங்கள். ரோசின் முழுதும் கரைந்து தேன்நிறத்தில் தெளியும். குங்கிலியம் ஓரளவுதான் கரையும். கலங்கலாகி, அடியில் வெள்ளைப் படிவு தங்கும்.

இரண்டாவதில் அதே பொடியை டர்பன்டைனில் போடுங்கள். குங்கிலியம் பெரும்பாலும் கரைந்துவிடும், மெல்லிய மூட்டம் மட்டும் இருக்கும். கரையாமல் மணல்போல நிற்பது பட்டைத்தூள், மண், சுண்ணாம்பு.

மூன்றாவதில் பொடியைத் தண்ணீர் விட்டு அரைத்து ஊற்றுங்கள். பால்போல ஆனால் அது பரங்கிச் சாம்பிராணி எனப்படும் குந்திரிக்க வகை, அதில் கோந்து கலந்திருப்பதால் அப்படி ஆகும். குங்கிலியத்தில் கோந்து இல்லை. தண்ணீரோடு சேராமல் பொடியாகவே மிதக்கும் அல்லது படியும்.

சால் பிசினையும் வெள்ளைக் குங்கிலியத்தையும் மட்டும் இந்தச் சோதனைகளால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கடையில் வருவதில் சால் பிசின் நிறைய இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மருந்துக்கு வேண்டுமென்றால் சித்த மருத்துவர் எந்த மரத்துப் பிசினைச் சொல்கிறார் என்று கேட்டே வாங்குங்கள்.

வார்னிஷுக்கு: எடையில் பிசின் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டரைப் பங்கு. பிசினை மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, டர்பன்டைன் ஜாடியில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். கரைந்தது கனமாகிக் கீழே இறங்கும், புதுத் திரவம் மேலே வரும். மூன்று நாளில் துணியில் குப்பை மட்டும் நிற்கும். அடியில் போட்டால் கட்டியாக ஒட்டி வாரமானாலும் கரையாது. பிறகு ஒரு வாரம் அசைக்காமல் வைத்து மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் வைக்க வேண்டாம், டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். பூசினால் நல்ல பளபளப்பு கிடைக்கும். படம், மரப்பொம்மை, உள்வேலைக்கு நல்லது. மழையும் சூடான பாத்திரமும் படும் இடத்துக்கு ஆகாது. மூட்டமான வானிலையில் பூசினால் வெளுத்துப் பனிபோலப் படரும். காய்ந்த நாளாகப் பாருங்கள்.

தூபத்துக்குப் பொடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மாவுபோல அரைக்காதீர்கள், குருணையாக விடுங்கள். நுண்பொடி நெருப்பின்மேல் தூவினால் கங்கில் விழுமுன் காற்றிலேயே பற்றிக்கொள்ளும். கேரளத்தில் தீவட்டியின் மேல் தெள்ளிப்பொடி எனப்படும் குங்கிலியப் பொடியை வீசிச் சுவாலை எழுப்புவது இந்தக் குணத்தால்தான். பூசையறையில் அது வேண்டாம். மின் மிக்ஸியிலும் அரைக்க வேண்டாம். சூட்டில் உருகி அலகில் ஒட்டும். உரலே சரி.

பதில் 5 (காட்டுவழி):

கொத்துவதைப் பற்றி. பட்டையில் பிறைபோலக் கீறினால் சில நாளில் கசியத் தொடங்கும், காற்றுப்பட்டு இறுகும், மழையில்லா மாதங்களில் சுரண்டி எடுப்பார்கள். மரம் தாங்குமா என்பது கீறலின் ஆழத்தைப் பொறுத்தது. பட்டைக்கு உள்ளேயிருக்கும் ஈரமான பச்சைப் படலத்தைத் தாண்டி மரக்கட்டையில் வெட்டு இறங்கினால் காயம் மூடாது. அந்த வழியே தண்ணீரும் பூஞ்சையும் புகுந்து உள்ளே பொந்தாகும். மரத்தைச் சுற்றி முழு வளையமாக வெட்டினால் இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவு நின்று மரமே சாகும். ஒரு பக்கம் கீறினால் அந்தக் கீறல் ஓரம் கூடி மூடும்வரை அடுத்த பக்கத்தைத் தொடக் கூடாது. அடியில் தீ மூட்டிப் பிசின் இறக்கும் பழக்கம் கருங்குங்கிலியத்துக்கு இருந்தது. அதை இங்கே கொண்டுவரவே வேண்டாம். தானாகப் பட்டை வெடிப்பில் வடிந்து இறுகியதையும், கிளை ஒடிந்த இடத்தில் கட்டியதையும் எடுத்தாலே வீட்டுத் தூபத்துக்குப் போதும்.

சட்டப் பக்கம்: காப்புக் காட்டில் பிசின், விதை, மண் எதையும் அனுமதியின்றி எடுப்பது 1882-ம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காணிக்காரர் போன்ற பழங்குடி மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமை அவர்களுக்கானது, அவர்களிடம் மலிவாக வாங்கி மூட்டை கட்டும் வியாபாரிக்கு அல்ல. உங்கள் நிலம் 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகத்திலும் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள். அப்படி இருந்தால் பிற்பாடு ரப்பரை வெட்டுவதற்குக்கூட அனுமதி தேவைப்படலாம்.

பதில் 6 (எண்ணெய்ச்செக்கு):

விதைக் கொழுப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன். பருப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை கொழுப்பு. பருப்பைக் காயவைத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மேலே கட்டியாகும் படலத்தை எடுப்பது பழைய முறை. அரைப்பு கரடுமுரடாக இருந்தால் பாதிக் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், வெளிச்சத்திலும் காற்றிலும் வைத்தால் வெளுக்கும். சாதாரண வெப்பத்தில் கெட்டியாக நிற்பதால் மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் போனது. சுத்திகரித்த பிறகே உணவுக்கு ஆகும். "தூபா கொழுப்பு" என்ற பெயரில் இந்திய உணவுத் தர விதிகளில் இடம் இருக்கிறது. வீட்டில் எடுத்ததைச் சமையலில் சேர்க்காதீர்கள். சக்கையில் துவர்ப்புச் சத்து அதிகம், மாட்டுக்கு வைக்க வேண்டாம், உரக்குழிக்குப் போகட்டும்.

கொழுப்பு எடுப்பவர் ஒவ்வொரு மரத்தடியிலும் பாதியை விட்டுவைத்தால்கூடப் போதாது. பன்றியும் எலியும் வண்டும் தங்கள் பங்கை அந்த மிச்சத்திலிருந்துதான் எடுக்கும். தேர்ந்த காயைக் கன்றுக்கும், துளை விழுந்ததைக் கொழுப்புக்கும் என்று பிரிப்பதுதான் சரியான வழி.

பதில் 7 (நாற்றங்கால்):

நடவு பற்றி விட்டுப்போனதைச் சொல்கிறேன். ஒன்றரை முதல் இரண்டு அடி உயர நாற்று, ஒன்றரை அடிக் கனசதுரக் குழி, ஜூன் முதல் மழைக்கு நடுங்கள். மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர். பையைக் கிழித்தே எடுக்க வேண்டும், உருவினால் மண்கட்டி உடைந்து வேர்ப்பூஞ்சையும் போகும். நாற்றின் கழுத்து மண்மட்டத்துக்குக் கீழே போக வேண்டாம்.

பழைய ரப்பர் நிழல் இதற்கு நல்லது என்று தோன்றும். ஆனால் ரப்பர் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். மழையும் இல்லாமல் நிழலும் இல்லாமல் நாற்று வெட்ட வெயிலில் நிற்கப்போவது சரியாக அந்த வாரங்களில்தான். முதல் மூன்று வருடம் நவம்பர் முடிவிலேயே ஒவ்வொரு நாற்றுக்கும் தெற்கிலும் மேற்கிலும் தென்னோலைத் தட்டி கட்டுங்கள். விழுந்த ரப்பர் சருகை நாற்றைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை பத்து லிட்டர் தண்ணீர் போதும். பிப்ரவரி கடைசியில் ரப்பர் மறுபடி தளிர்த்துவிடும், தட்டியை அப்போது பிரித்துக்கொள்ளலாம். நாலாவது வருடத்திலிருந்து ரப்பரின் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து வெளிச்சம் விடுங்கள். ஒரே வருடத்தில் முழு வெயிலுக்குத் திறந்தால் நுனி கருகி, பக்கக்கிளை விட்டுப் புதர்போல நின்றுவிடும்.